சட்டைப் பையில் ஓர் எஜமானன்!

ஆலைச் சங்கு ஊதுகிறது. எட்டு மணி நேரம் இயந்திரத்தோடு இயந்திரமாய் நின்ற தோழன் வெளியே வருகிறான். நெற்றியிலே வியர்வை, கையிலே எண்ணெய்க் கறை, வயிற்றிலே பசி. வீட்டிலே சோறு காத்திருக்கிறது. வாசலிலே குழந்தை காத்திருக்கிறது. ஆனால் அவன் கை முதலில் எங்கே போகிறது? சட்டைப் பைக்கு! பீடியைத் தேடுகின்றன விரல்கள். தீக்குச்சி உரசப்படுகிறது. முதல் இழுப்பு உள்ளே போன பிறகுதான் அந்த முகத்திலே ஒரு தெளிவு பிறக்கிறது.

"ஏனப்பா, இதை விட்டுத் தொலைக்கக் கூடாதா?" என்று கேட்டுப் பாருங்கள்.

"நினைச்சா நாளைக்கே விட்டுடுவேன் அண்ணே!" என்பான்.

அந்த 'நாளை' மட்டும் வருவதே இல்லை.

தோழர்களே! இவன் கோழையா? உறுதியற்றவனா? இல்லை. வேலை நிறுத்தம் என்று சங்கம் முடிவு செய்தால், நாற்பது நாள் கூலியில்லாமல் பட்டினி கிடந்து, "பணிய மாட்டேன்" என்று நிற்கிறவன் இவன். தடியடிக்கு அஞ்சாதவன், சிறைக்கு அஞ்சாதவன். நாற்பது நாள் பசியோடு மல்லுக்கு நின்ற இவனால், நாற்பது நிமிடம் பீடியில்லாமல் இருக்க முடியவில்லையே, ஏன்? எவனுக்கும் தலை வணங்காதவன், இரண்டு விரல்களுக்கு இடையிலே அடங்கும் ஒரு சுருட்டிய இலைக்கு முன்னால் தோற்றுப் போகிறானே, அது எப்படி?

"மன உறுதி போதாது" என்று உபதேசம் செய்துவிட்டுப் போவது எளிது. அது விடையாகாது. விடை அந்த இலைக்குள்ளே இருக்கிறது. அதை விற்றவர்களின் பெட்டகங்களுக்குள்ளேயும் இருந்தது. இரண்டையும் திறந்து பார்ப்போம்.

பூச்சிக்கு வைத்த நஞ்சு

புகையிலைச் செடி தன் வேரிலே ஒரு நஞ்சைத் தயாரித்து, தண்டு வழியாக இலைக்கு அனுப்புகிறது. தன்னைக் கடிக்க வரும் பூச்சிகளைக் கொல்வதற்காக அது தேடிக்கொண்ட ஆயுதம் அது. நம் கிராமத்து விவசாயிக்கு இது தெரியாததல்ல. புகையிலையை ஊற வைத்து, அந்தச் சாற்றைப் பயிரின் மீது தெளித்துப் பூச்சியை விரட்டுகிற வழக்கம் நம்மிடம் உண்டு. அந்த நஞ்சின் பெயர்தான் நிகோடின்.

1560இல் போர்ச்சுகல் நாட்டிலே பிரெஞ்சுத் தூதராக இருந்த ழான் நிக்கோ என்பவர், புகையிலையை ஒரு மூலிகை என்று எண்ணித் தம் நாட்டு அரண்மனைக்கு அனுப்பி வைத்தார். அவர் பெயரே செடிக்கும் நஞ்சுக்கும் நிலைத்துவிட்டது. 1828இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரிலே போஸல்ட், ரெய்மன் என்ற இருவர், புகையிலையிலிருந்து இந்த நஞ்சைத் தனியாகப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள்.

அமெரிக்கக் கண்டத்துப் பழங்குடி மக்களின் இலை, போர்ச்சுகீசியர் கப்பல் ஏறி நம் நாட்டுக்கு வந்தது. 1617இல் ஜஹாங்கீர் பாதுஷா, புகைக்கக் கூடாது என்று கட்டளையிட்டார். பாதுஷா போனார்; கட்டளையும் போயிற்று; புகை மட்டும் நின்றது. கோட்டை கொத்தளங்களால் தடுக்க முடியாத அந்தச் சிறு இலையின் பலம் எங்கே இருக்கிறது? மனிதனின் மூளைக்குள்ளே இருக்கிறது.

கள்ளச் சாவி

நம் மூளையிலே கோடிக்கணக்கான நரம்பணுக்கள் இருக்கின்றன. ஒன்று மற்றொன்றோடு பேசுவதற்குச் சில இரசாயனங்களைத் தூதாக அனுப்புகிறது. அவற்றுள் ஒன்று அசிட்டைல்கோலின். அடுத்த நரம்பணுவின் மேலே இதற்கென்றே பூட்டுகள் இருக்கின்றன. தூதுவன் சாவி போல் வந்து பொருந்துகிறான், கதவு திறக்கிறது, செய்தி போகிறது. இது இயற்கை வகுத்த ஏற்பாடு.

நிகோடின் அந்தச் சாவியைப் போலவே வடிவம் கொண்ட கள்ளச் சாவி! புகையை இழுத்ததும் அது நுரையீரலில் இறங்கி, இரத்தத்தில் கலந்து, 10 முதல் 20 விநாடிகளுக்குள் மூளைக்குப் போய்ச் சேருகிறது. ஊசி போட்டு நரம்பிலே ஏற்றினாலும் இதைவிட வேகமாய் மூளையை எட்டாது. போனதும் பூட்டுகளைத் திறக்கிறது. திறந்தவுடன் டோபமின் என்ற இரசாயனம் சுரக்கிறது.

இந்த டோபமின் என்ன செய்கிறது? பசித்தவன் உண்ணும்போதும், தாகத்தவன் நீர் அருந்தும்போதும், "இது நல்லது, நினைவில் வைத்துக்கொள், மறுபடி செய்!" என்று மூளைக்குச் சொல்வது அதுதான். உயிர் வாழ உதவும் காரியங்களை மறக்காமல் இருக்க இயற்கை கொடுத்த முத்திரை அது. அந்த முத்திரையைத் திருடி, பூச்சி மருந்தின் மேலே குத்திவிடுகிறது நிகோடின்! அதனால்தான் பீடி கேட்கும் மூளை, சோறு கேட்பது போலவே கேட்கிறது.

ஒரு சிகரெட்டுக்குச் சுமார் பத்து இழுப்பு என்று கணக்குப் போடுங்கள். நாளைக்கு இருபது சிகரெட் என்றால் 200 முறை மூளைக்குள் அந்த முத்திரை விழுகிறது. ஆண்டுக்கு 73,000 முறை! இத்தனை முறை சொல்லிக் கொடுத்தால் எந்தப் பாடம்தான் பதியாது? தேநீர்க் கடை, பேருந்து நிறுத்தம், சாப்பாடு முடிந்த நேரம், நண்பனின் முகம் என்று எல்லாமே புகையோடு முடிச்சுப் போடப்பட்டு விடுகின்றன. கண்ணாடிக் குவளையில் தேநீரைக் கண்டதும் கை தானாகச் சட்டைப் பைக்குப் போவது இதனால்தான்.

கந்து வட்டிக் கணக்கு

இத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. கள்ளச் சாவி ஓயாமல் வந்து குடைவதால் பூட்டுகள் மரத்துப் போகின்றன. மரத்துப் போனவற்றுக்கு ஈடாக மூளையிலே மேலும் மேலும் பூட்டுகள் பெருகுகின்றன. பெருகிய பூட்டுகள் எல்லாம் சாவியைக் கேட்கின்றன. இரத்தத்தில் ஏறிய நிகோடினோ சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்து விடுகிறது. அது குறையக் குறைய, காலியாய்க் கிடக்கும் பூட்டுகள் கூச்சல் போடுகின்றன. எரிச்சல் வருகிறது, கோபம் வருகிறது, மனம் ஒன்றிலும் நிலைக்கவில்லை, கை துறுதுறுக்கிறது. ஒரு பீடி பற்ற வைத்ததும் எல்லாம் அடங்குகிறது.

"பார்த்தீர்களா, பீடி பிடித்தால் கவலை தீருகிறது" என்கிறான் தோழன்.

தீருகிறதா? எந்தக் கவலை தீருகிறது? சற்று நிதானமாய் எண்ணிப் பாருங்கள். அந்த எரிச்சலை உண்டாக்கியது முந்தைய பீடி. அதைத் தணிப்பது இந்தப் பீடி. அடுத்த எரிச்சலுக்கு விதை போடுவதும் இதே பீடி! முதல் கடன் கல்யாணச் செலவுக்கு என்று வாங்கினோம். இரண்டாவது கடன் முதல் கடனுக்கு வட்டி கட்ட. மூன்றாவது கடன் இரண்டாவதற்கு வட்டி கட்ட. கந்து வட்டிக்காரன் கொடுக்கும்போது உதவி செய்கிறவன் போலவே சிரிக்கிறான். வாசலிலே வந்து நிற்கும்போதல்லவா தெரிகிறது அவன் யார் என்று!

இரவு முழுதும் உறங்கும்போது உடலிலே நிகோடின் வடிந்து போகிறது. மரத்திருந்த பூட்டுகள் விழித்துக்கொள்கின்றன. அதனால்தான் விடிந்ததும் பிடிக்கிற முதல் பீடி அத்தனை ருசிக்கிறது. படுக்கையை விட்டு எழுந்த அரை மணி நேரத்துக்குள் பற்ற வைக்காமல் இருக்க முடியாதவன், ஆழமாய் அடிமைப்பட்டவன் என்று மருத்துவர்கள் அடையாளம் சொல்கிறார்கள். தோழர்கள் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே இந்த உரைகல்லில் உரசிப் பார்த்துக்கொள்ளலாம்.

தரகனும் கொலைகாரனும்

நிகோடின் போன வழியெல்லாம் உடலை உலுக்குகிறது. அட்ரீனலினைச் சுரக்க வைக்கிறது. இதயம் வேகமாய் அடிக்கிறது. இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இரத்த அழுத்தம் ஏறுகிறது. அதே புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு, இரத்தத்திலே பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாய் ஒட்டிக்கொள்ளும் வாயு அது. இதயத்துக்கு வேலை கூடுகிறது; ஆகாரம் குறைகிறது. எந்த முதலாளி இப்படிச் செய்தாலும் நாம் கொடி பிடிப்போம். நம் நெஞ்சுக்குள்ளேயே இது நடக்கிறது!

ஆனால் ஒன்றைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். புற்றுநோயை உண்டாக்குவதிலே முதற்குற்றவாளி நிகோடின் அல்ல. புகையும் அதன் தாரும்தான். புகையிலே 7,000க்கும் மேற்பட்ட இரசாயனங்கள் இருக்கின்றன. அவற்றுள் குறைந்தது 70 புற்றுநோய் தருபவை. நிகோடின் தரகன், புகை கொலைகாரன். கொலைகாரனின் வாசலுக்கு நாள்தோறும் இருபது முறை கையைப் பிடித்து அழைத்துப் போகிறவன் இந்தத் தரகன்.

"நான் சிகரெட் பிடிப்பதில்லை, பீடிதான். இலை தானே, அவ்வளவு கெடுதி இல்லை" என்பார் சிலர். தவறு! பீடி அடிக்கடி அணையும். அணையாமல் இருக்க அடிக்கடி, அழுத்தி இழுக்க வேண்டும். நிகோடினிலும் தாரிலும் நச்சு வாயுவிலும் அது சிகரெட்டுக்கு இளைத்ததல்ல. "நான் புகைப்பதே இல்லை, வெற்றிலையோடு கொஞ்சம் புகையிலை" என்பார் வேறு சிலர். கூடச் சேர்க்கும் சுண்ணாம்பு, நிகோடினைக் கன்னத்தின் தோல் வழியாக விரைந்து ஏற்றுகிறது. வாய்ப் புற்றுநோய் வார்டுகளிலே படுத்திருப்பவர்களிலே பலர் ஒரு பீடியும் பிடித்தறியாதவர்கள். 2016-17இல் எடுத்த அகில இந்தியக் கணக்கின்படி, வயது வந்தவர்களில் 100க்கு 28.6 பேர் ஏதோ ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்தினர். புகைத்தவர்களைவிட மென்றவர்களே அதிகம்.

இங்கிலாந்திலே ரிச்சர்டு டால், பிராட்ஃபோர்டு ஹில் என்ற இரு அறிஞர்கள், 1950இல் புகைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள உறவை வெளியிட்டார்கள். அத்தோடு விடவில்லை. 1951 முதல் 34,439 ஆண் டாக்டர்களின் வாழ்வையும் சாவையும் தொடர்ந்து கவனித்தார்கள். ஐம்பது ஆண்டுக் கணக்கு 2004இல் வெளிவந்தது. கடைசிவரை சிகரெட்டை விடாதவர்கள், புகைக்காதவர்களைவிடச் சராசரியாகப் 10 ஆண்டுகள் முன்னதாக இறந்தார்கள். படித்த டாக்டருக்கே அந்தக் கதி என்றால், பஞ்சுத் தூசியிலும் சிமெண்டுத் தூசியிலும் நிற்கிற நமக்கு? காசநோய் வரும் அபாயத்தையும் புகை கூட்டுகிறது என்பதை மறக்க வேண்டாம்.

தெரிந்தே விற்றவர்கள்

இதெல்லாம் கம்பெனிக்காரர்களுக்குத் தெரியாமல் நடந்ததா? இல்லை தோழர்களே, இங்கேதான் நெஞ்சு கொதிக்கிறது.

1954 ஜனவரி 4ஆம் தேதி, அமெரிக்க சிகரெட் கம்பெனிகள் 400க்கும் மேற்பட்ட பத்திரிகைகளில் முழுப் பக்க விளம்பரம் செய்தன. மக்களின் நலமே தங்களுக்கு முதன்மையானது என்றன; தங்கள் சரக்கு உடலுக்குத் தீங்கானதல்ல என்று நம்புவதாகச் சொல்லின. ஒன்பது ஆண்டு கழித்து, 1963இல், ஒரு பெரிய சிகரெட் கம்பெனியின் தலைமை வழக்கறிஞர் தம் கம்பெனிக்குள்ளேயே ஒரு குறிப்பு எழுதினார்: நிகோடின் அடிமையாக்கும் பொருள், நாம் செய்வது அடிமையாக்கும் மருந்து வியாபாரம் என்பது அதன் சாரம். வெளியிலே ஒரு பேச்சு. உள்ளே ஒரு பேச்சு!

1988இல் அமெரிக்க சர்க்காரின் தலைமை மருத்துவ அதிகாரி எவரெட் கூப், நிகோடின் அடிமைப்படுத்துகிறது என்று அறிக்கை வெளியிட்டார். அதற்குப் பிறகும், 1994 ஏப்ரல் மாதத்திலே ஏழு கம்பெனித் தலைவர்கள் அமெரிக்கப் பாராளுமன்றக் குழுவின் முன்னால் வரிசையாக எழுந்து, கை உயர்த்திச் சத்தியம் செய்து, நிகோடின் அடிமையாக்கும் என்று தாங்கள் நம்பவில்லை என்றார்கள். பெட்டகத்திலே கிடந்த பழைய குறிப்புகள் அதே ஆண்டிலே வெளியே வந்தன.

2006இல் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர், கம்பெனிகள் மக்களைப் பல ஆண்டுகளாக ஏமாற்றின என்று தீர்ப்பளித்தார். மேல் முறையீடு மேல் முறையீடாக இழுத்து, கடைசியில் 2017 நவம்பரிலே, நீதிமன்றக் கட்டளைப்படி அதே கம்பெனிகள் பத்திரிகைகளில் மறுபடி விளம்பரம் செய்ய நேர்ந்தது. இம்முறை என்ன சொன்னார்கள்? அடிமைத்தனத்தை உண்டாக்கவும் அதை நீடிக்கச் செய்யவும் போதிய நிகோடின் இருக்கும்படி திட்டமிட்டே சிகரெட் தயாரிக்கப்பட்டது என்று! 1954க்கும் 2017க்கும் இடையே 63 ஆண்டுகள். அந்த உண்மை பத்திரிகைக்கு வருவதற்குள் மாண்டவர்கள் எத்தனை பேர்? இன்றும் உலகிலே ஆண்டுக்கு 70 லட்சத்துக்கும் அதிகமானோர் புகையிலையால் சாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆகவே, "என்னால் விட முடியவில்லை" என்று தலை குனிகிற தோழனே! தலையை நிமிர்த்து. உன் பலவீனத்தை மட்டும் நம்பி இந்த வியாபாரம் நடக்கவில்லை. எத்தனை உறுதியானவனையும் பிணைக்கும்படி எடை போட்டு, அளவு பார்த்துச் செய்த சங்கிலி இது.

பீடி சுற்றும் தாய்மார்

"பீடியை விடு என்கிறீர்களே, பீடி சுற்றிப் பிழைக்கும் ஏழைகள் என்ன செய்வார்கள்?" என்று ஒரு தொழிலாளி கேட்டால், அது நியாயமான கேள்வி. நெல்லைச் சீமையிலும் வேலூர் வட்டாரத்திலும், மடியிலே தட்டை வைத்துக்கொண்டு, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பெண்கள் ஏராளம். அவர்களும் இந்த நஞ்சுக்குத் தப்பவில்லை. புகையிலைத் தூள் மூச்சிலே போகிறது. நிகோடின் விரல்களின் தோல் வழியே உடலுக்குள் இறங்குகிறது. தூளியிலே கிடக்கும் குழந்தைக்கும் அந்தக் காற்றே மூச்சு.

ஒரு தொழிலாளியின் நுரையீரலை எரித்துத்தான் இன்னொரு தொழிலாளியின் அடுப்பு எரிய வேண்டும் என்பது யார் வகுத்த நீதி? நாம் புகைத்துக்கொண்டே இருப்பது அந்தத் தாய்மாருக்குச் செய்யும் உதவியாகாது. அவர்களுக்கு மாற்றுத் தொழில் வேண்டும், அதுவரை நியாயமான கூலியும் மருத்துவ வசதியும் வேண்டும் என்று குரல் கொடுப்பதே உதவி.

விடுபடும் வழி

எதிரியின் பலம் தெரிந்தால்தான் போராட்டத்துக்குத் திட்டம் வகுக்க முடியும். நிகோடினின் பலத்தைப் பார்த்தோம்; அதன் பலவீனத்தையும் பாருங்கள்.

விட்ட 20 நிமிடத்தில் இதயத் துடிப்பு இறங்கத் தொடங்குகிறது. ஓரிரு நாட்களில் நச்சு வாயு இரத்தத்தை விட்டு வெளியேறுகிறது. முதல் மூன்று நாள்தான் கடும் போர். எரிச்சல், தூக்கமின்மை, பசி எல்லாம் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் அவை தணியும். மூன்று மாதத்துக்குள், மூளையிலே பெருகிய அந்தப் பூட்டுகள் புகைக்காதவனின் அளவுக்குக் குறைந்து விடுகின்றன. 30 வயதில் விட்டவர்கள், இழக்க இருந்த 10 ஆண்டையும் ஏறத்தாழ முழுமையாக மீட்டார்கள். 40இல் விட்டவர்கள் 9 ஆண்டு. 50இல் 6 ஆண்டு. 60 வயதில் விட்டவர்கள்கூட 3 ஆண்டு மீட்டார்கள் என்கிறது அந்த டாக்டர்கள் கணக்கு. "இனி விட்டு என்ன பயன்?" என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஒரு நாளைக் குறியுங்கள். அன்று கட்டையும் தீப்பெட்டியையும் வீட்டிலிருந்து அகற்றுங்கள். கூட வேலை செய்யும் தோழர்களிடம் சொல்லி வையுங்கள். "எனக்குக் கொடுக்காதே" என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆவல் கிளம்பும்போது அது சில நிமிடங்களுக்கு மேல் நிற்பதில்லை. ஒரு குவளைத் தண்ணீர், இரண்டு கிராம்பு, நாலு எட்டு நடை, அலை கடந்துவிடும். அதுவும் போதவில்லையா? மருந்து இருக்கிறது. புகையில்லாமல் நிகோடினை மட்டும் சிறிது சிறிதாகக் கொடுத்துக் குறைக்கும் மெல்லும் பசையும், தோலில் ஒட்டும் பட்டையும் உண்டு. வெற்றி வாய்ப்பை அவை சுமார் ஒன்றரை மடங்கு ஆக்குகின்றன. மாத்திரைகளும் உண்டு. மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள். 1800-11-2356 என்ற கட்டணமில்லாத அரசாங்கத் தொலைபேசியிலும் யோசனை கேட்கலாம். சிகரெட் பெட்டியின் மேலேயே அந்த எண்ணை அச்சிட வைத்திருக்கிறது சட்டம்.

முதல் முறை தவறினால் வெட்கம் வேண்டாம். ஒரு வேலை நிறுத்தம் தோற்றால் சங்கத்தைக் கலைத்து விடுகிறோமா? இல்லையே! எங்கே தவறினோம் என்று பார்த்து, அடுத்த போராட்டத்துக்கு அணி திரள்கிறோம். பலரும் இரண்டு மூன்று முறை முயன்றுதான் விட்டிருக்கிறார்கள். சங்கங்களும் தம் பங்கைச் செய்யட்டும். பொது இடங்களில் புகைக்கக் கூடாது என்ற விதி 2008 அக்டோபர் 2 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. நம் கூட்ட அறைகளிலே புகை மண்டுவதை நாமே நிறுத்தலாமே! ஒருவன் விட முன்வந்தால் நாலு பேர் அவனுக்குத் துணை நிற்கலாமே!

நாளொன்றுக்கு 50 ரூபாய் புகையாகப் போனால் ஆண்டுக்கு 18,250 ரூபாய். எட்டணா கூலி உயர்வுக்கும் எத்தனை ஊர்வலம், எத்தனை முழக்கம் என்பதை அறிந்தவர்கள் நாம். வியர்வை சிந்திப் பெற்ற உயர்வை, நம் கையாலேயே தீக்கொளுத்தலாமா?

தோழர்களே! நாளையும் சங்கு ஊதும். கை சட்டைப் பைக்குப் போகும். அந்த ஒரு விநாடியிலே நினைத்துப் பாருங்கள்: போகச் சொன்னது நானா, அந்த எஜமானனா? பீடிக் கட்டு என்று அதற்குப் பெயர் வைத்தவன் தெரிந்துதான் வைத்தானோ என்னவோ. அதுவும் ஒரு கட்டுதான். எத்தனையோ கட்டுகளை அறுத்த கைகள் இவை. இதையும் அறுக்கட்டும்!